நந்தனத்தில் நாசி கண்டார்

திருவல்லிக்கேணி, சென்னை
4.7.1996

கண்ணான மருமகள் ஷகீலாவுக்கு, இனாயத் மாமா ஆயிரம் ஸலாம் சொல்லி எழுதுவது.

நந்தனம் கல்லூரிக்கு எதிரே நம் பினாங்கு நாசி கண்டார் சோற்று வண்டி ஜம்மென்று நிற்கிறது. பினாங்கில் உன் வாப்பா கடையில் வருஷக்கணக்காகக் கரண்டி பிடித்த கைக்கு மெட்ராஸ் எம்மாத்திரம்? சோற்றின் மேல் கோழி, மீன், இறால், கத்தரிக்காய் என்று எல்லாக் குழம்பையும் ஒன்றாகக் கலந்து ஊற்றுகிறேன். வரிசை கிண்டி ரேஸ் கோர்ஸ் வரை போகிறது. நேற்று ஒரு குதிரையே நின்று மோந்து பார்த்தது. என் அக்கா அங்கே தனியாக அடுப்போடு எதற்கு மல்லுக்கட்ட வேண்டும்? கிளம்பி வரச் சொல். கல்லாவில் உட்கார்ந்தால் போதும்.

இனாயத்

பினாங்கு
22.7.1996

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு நலம். உங்கள் கடிதத்தை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வாப்பா மௌத்தான பிறகும் விடாமல் வைத்திருந்த கடை இடத்தை இப்போது கொடுத்துவிடப் போவதாகச் சொல்கிறார். கொடுத்தால் திரும்பக் கிடைக்காது. குதிரையை விடுங்கள். உம்மாவை நம்பி அனுப்பலாமா? அதை மட்டும் எழுதுங்கள்.

ஷகீலா

திருவல்லிக்கேணி
3.8.1996

தங்க மருமகளுக்கு,

இப்படி ஒரு கேள்வியா? நான் இந்த ஊர் நாக்கைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். இவர்கள் முதலில் சாம்பார், பிறகு ரசம், கடைசியில் மோர் என்று சோற்றைப் பாத்தி கட்டிச் சாப்பிடுகிறவர்கள். ஓர் ஆட்டோக்காரர் தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னா பாய், எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிட்ட? ரசத்துக்கு சோறு எங்க கீது?" என்றார். பிறகு வாயே திறக்கவில்லை, சாப்பிடக்கூட. பக்கத்து வண்டியில் சாப்பாடு போடும் சூடாமணி அம்மாள், என் கூட்டத்தை நான் ஒருவன் தாங்க மாட்டேன் என்று பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். நல்ல மனசு. அக்கா மெதுவாக வரட்டுமே. மழைக்காலம் வேறு வருகிறது.

இனாயத்

பினாங்கு
13.8.1996

மாமா,

நான் கேட்டதற்குப் பதில் இல்லை. முப்பதாம் தேதி உம்மா கையெழுத்துப் போடுகிறார். ஆம் அல்லது இல்லை, ஒன்றை எழுதுங்கள்.

ஷகீலா

திருவல்லிக்கேணி
21.8.1996

ஷகீலா,

இல்லை.

வண்டி கைமாறிவிட்டது. சூடாமணி அம்மாளிடம்தான் நிற்கிறேன். நானே பெரிய மனசு பண்ணிச் சேர்ந்ததாக முதலில் எழுதினேன், அடித்துவிட்டேன். அவள் பாவம் பார்த்துக் கூப்பிட்டாள். சோறு போடுகிறேன். குழம்பை மட்டும் என்னை ஊற்ற விடுவதில்லை. இடத்தைக் கொடுக்க வேண்டாம். அக்காவிடம் மட்டும், இங்கே நெரிசலில் அவளுக்கு மூச்சு முட்டும் என்று நான் தடுத்ததாகச் சொல்.

மாமா

பினாங்கு
31.8.1996

மாமாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே சொன்னேன். உம்மா சிரித்தார்.

"அங்க கூட்டம் இருந்தா நான் எதுக்குப் போறேன்? தனியாக் கெடக்கான்னுதானே கெளம்புனேன்."

நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டார். உங்கள்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. பதினைந்தாம் தேதி மாலை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு வந்துவிடுங்கள். முன்னாலேயே வந்து நில்லுங்கள். உம்மாவுக்கு அந்த ஊரில் வேறு யாரையும் தெரியாது.

ஷகீலா