ஒரு வளவில் ரெண்டு அடுப்பு

மச்சான்,

யாரும் நம்பமாட்டார்கள் என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்து சொல்லக்கூடிய கதை ஒன்று என்னிடம் இருக்கிறது. நீங்கள் உயிரோடு இருந்தால் குறுக்கே பேசுவீர்கள். இப்போது முடியாது என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

இன்று காலை எதிர்வீட்டுக்காரர் கொல்லையில் ஓர் அறைக்கு அஸ்திவார வானம் தோண்ட ஆரம்பித்தார். ஈரமண் வாடை கிளம்பியதும் தெருவே மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. மற்ற ஊர்களில் பின்பக்கம் ஓர் அறை எழும்பினால் யார் குடிவரப்போகிறார்கள் என்று கேட்பார்கள். சிவகாசியைச் சுற்றி மட்டும் முதலில் மோந்து பார்ப்பார்கள், வெடிமருந்து வாடை வருகிறதா என்று. குறை சொல்வதற்கில்லை. ஒருவன் வீட்டுக்குள் திருட்டுத்தனமாக வெடி கட்டினால் போகிறது தெரு முழுக்க அல்லவா?

நீங்கள் கொல்லையில் கட்டிய அறையும் அப்படித்தான் மாட்டிக்கொண்டது. உங்கள் மகள் செல்வி புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்த புதிது. "வாரவுக போறவுகல்லாம் அவரு எப்ப வருவாருன்னு கேக்காகப்பா. எனக்குன்னு ஒரு கதவு இல்லேன்னா திருப்பூருக்கு வேலைக்குப் போயிருவேன்" என்றாள். மறுநாளே செங்கல் வந்து இறங்கியது.

பஞ்சாயத்து அதிகாரி வந்து பார்த்தார். "சாமான் போடுற ரூம்னா கட்டிக்கிடுங்க. அடுப்பு வச்சீகன்னா அது ரெண்டாவது வீடு. தனி பிளான் வேணும், தனி வழி விடணும். ஒங்க வீட்டு வளவுல அம்புட்டு இடம் இல்ல. இடிக்கச் சொல்லிருவோம்" என்றார். "சாமான் ரூம்தான்" என்று நீங்கள் முகம் மாறாமல் சொன்னீர்கள்.

செல்வி உள்ளே திருட்டுத்தனமாகச் சமைத்தாள். தாளிக்கும்போது வாடை வெளியே போகாமலிருக்க ஜன்னலை இறுக்கிச் சாத்திக்கொள்வாள். சாமான் அறைக்குள் ஒரு பெண் நாள் முழுக்கக் கதவடைத்துக்கொண்டு இருந்தால் ஊர் என்ன நினைக்கும்? தீபாவளி ஆர்டர் உள்ளே ஓடுகிறது என்றே முடிவு கட்டியது. பத்து லோடு சரவெடி இருக்கிறது, பற்றினால் நம் ஆமத்தூர் மேகத்தில் ஓட்டை விழும் என்று கணக்குச் சொன்னவன் நான்தான். நானும் சுவரில் மூக்கை வைத்துப் பார்த்தேன் மச்சான். கடுகு வாடை வந்தது. மருந்தை மறைக்கத்தான் கடுகு என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

ஒரு நாள் ஜீப்போடு அதே அதிகாரி வந்தார், பின்னால் ஊர். "உள்ள என்ன இருக்கு?" என்றார். அடுப்பைக் காட்டினால் பட்டாசுப் பழி போகும், அறையும் போகும். காட்டாவிட்டால் போலீஸ்.

கதவைத் திறந்தவள் செல்வி. "மருந்து இருக்குன்னுதான சொல்லுதீக? பாருங்க" என்று தீக்குச்சியைக் கிழித்தாள். கூட்டம் பின்வாங்கிய வேகத்தில் பாதிப் பேர் பல மைல் தாண்டி இருக்கன்குடியில் போய்த்தான் நின்றார்கள். அதிகாரி ஜீப்புக்கு அடியில் இருந்தார். அவள் நிதானமாக அடுப்பைப் பற்றவைத்து, "டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

அதிகாரி எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். "மருந்து இல்ல, சரி. அடுப்பு இருக்கே. அப்ப இது ரெண்டாவது வீடுதான."

நீங்கள் முன்வீட்டுக்குள் போனீர்கள். என் அக்கா, "யாத்தே, கொழம்பு கொதிக்கு, என்ன செய்யுதீக?" என்று கத்துவது கேட்டது. ரப்பர் குழாய் தரையில் இழுபட, முன்வீட்டு அடுப்பைச் சுமந்து வந்து அதிகாரி காலடியில் வைத்தீர்கள். "இப்ப வளவுல ஒரே அடுப்புதான். இந்த ரூம்தான் எங்க சமையக்கட்டு. பின்பக்கம் சமையக்கட்டு இருந்தா தப்பா சார்?"

அவர் குனிந்து அந்த அடுப்பைப் பார்த்தார். பிறகு டீ கேட்டார்.

செல்விதான் லேசில் விடவில்லை. "சமையக்கட்டு ஒங்களுக்கு. கதவு எனக்கு. தட்டிட்டுத்தான் வரணும்."

எனக்கு இன்றும் ஒரு சந்தேகம் உண்டு. மகள் தனியாக உட்கார்ந்து சாப்பிடக்கூடாது என்று முதல் செங்கலிலேயே திட்டம் போட்டிருந்தீர்களோ? கேட்டபோது சிரித்தே மழுப்பிவிட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அங்கேதான் சாப்பிடுகிறேன். ஜீப்புக்கு அடியில் அதிகாரி, இருக்கன்குடி ஓட்டம், மேகத்து ஓட்டை எல்லாம் என் கைச்சரக்கு. ஆனால் நீங்களே நிலை வைத்த கதவின் முன்னால், கடைசி வரைக்கும் ஒவ்வொரு வேளையும் தட்டிவிட்டு, "வாங்கப்பா" என்று அவள் சொல்லும்வரை நின்றீர்களே, அது மட்டும் நிஜம். நானும் தட்டித்தான் போகிறேன்.