கிரால், கிரீப், தம்பியின் நிலைப்படி

4-7-55, திங்கள்
காலையில் சாரல். பாவாடை முழங்கால்வரை நனைந்தது. இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்குக் கேவலமானதையும் விடமாட்டேன்.

வீட்டுப் பாடம்: கிரால் (crawl), கிரீப் (creep) என்ற இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள். வேறுபாடு எழுதணும், வெள்ளிக்குள். "ரெண்டும் ஒண்ணுன்னு எழுதினா முட்டைதான்" என்றார் இங்கிலீஷ் டீச்சர். அகராதியில் இரண்டுக்கும் 'ஊர்தல்'. ஆகவே நேரில் பார்க்க முடிவு.

பார்த்தவை: அட்டை, எறும்பு, பூனை, தம்பி. தம்பிக்கு ஒரு வயது, இரண்டு மாதம். வயிற்றைத் தூக்காமல் கையால் இழுத்து வருகிறான். முத்தமிட்டால் வயிறு தரைபோலக் குளிர்ச்சி.

5-7, செவ்வாய்
டீச்சரிடம் கேட்டேன். கிரால்: உடம்பு தரையோடு இழைவது. கிரீப்: சத்தமில்லாமல், யாரும் அறியாமல் மெல்ல வருவது. தம்பி கிரால். பூனை கிரீப். கருப்பட்டி எடுக்க நான் அடுக்களைக்குப் போவதும் கிரீப்.

மாலை அத்தை வந்தாள், அப்பாவின் அக்காள். "ஏட்டி, இவன் என்ன அரணை மாதிரி இழையுதான்? எம் பிள்ளையளு இந்த வயசுல முற்றத்துல ஓடிச்சு."

"மெதுவா வருவான் மைனி" என்றாள் அம்மை. பிறகு அடுக்களையில் கண்ணைத் துடைத்தாள். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

பிள்ளை தானாக நிலைப்படி தாண்டினால் கொழுக்கட்டை அவித்து அக்கம்பக்கம் கொடுப்பது வழக்கம். அம்மை இரண்டு மாதமாகப் பச்சரிசி எடுத்து வைத்திருக்கிறாள். தம்பி படிவரை போவான், நெற்றியை அதில் சாய்ப்பான், திரும்பிவிடுவான்.

6-7, புதன்
தம்பி படிமேல் கை வைத்தான். பின்னாலிருந்து தள்ளிவிட்டேன். அந்தப் பக்கம் விழுந்தான். அழவில்லை.

"அம்மே, தாண்டிட்டான்."

ஈரக்கையோடு ஓடிவந்தாள். "தானாவா மக்கா? நீ பிடிக்கலியா?"

"இல்லம்மே."

எனக்கும் முத்தம்.

7-7, வியாழன்
கொழுக்கட்டை. முதலில் அத்தை வீட்டுக்கு, நானே கொண்டுபோனேன். "தேங்கா போதாது" என்று சொல்லிக்கொண்டே மூன்று தின்றாள். நான் ஒன்றும் தின்னவில்லை. அம்மை பாட்டு முணுமுணுத்தபடி பாத்திரம் தேய்த்தாள். அதனால் தள்ளிவிட்டதைச் சொல்லவில்லை.

8-7, வெள்ளி
வெயில். வீ. பாடத்துக்கு 'வெரிகுட்'.

மாலை, அம்மை கிணற்றடியில். தம்பி படியருகே. தொடக்கூடாதென்று என் கைகளை மடியில் இறுக்கிக்கொண்டேன். முதலில் வயிறு எழுந்தது. பிறகு ஒரு முழங்கால். மூச்சு வாங்கினான். மற்றதும். தாண்டிவிட்டான். ஒரு சத்தமும் இல்லை. கிரீப்புக்குப் பூனைக்குப் பதில் இவனை எழுதியிருக்கலாம். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அம்மையைக் கூப்பிட முடியவில்லை. கொழுக்கட்டை கொடுத்தாயிற்றே. அம்மை வந்து, "இங்க என்னலே செய்யிய?" என்று குடத்தை இறக்காமலே தம்பியிடம் கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

இப்போது பாயில் அவனுக்கு எண்ணெய் தடவுகிறாள். "முழங்கால் ரெண்டும் சிவந்திருக்கு. எங்க போய் உரசின மக்கா?" அவனிடம்தான் கேட்கிறாள். அவனால் சொல்ல முடியாது. புதன்கிழமை தள்ளியதிலிருந்து எல்லாம் நான் சொல்லப் போகிறேன். விளக்கை அணைக்க எழுகிறாள். நோட்டை மூடுகிறேன்.