பேசாத நாட்களில் வந்த தேன்சிட்டு

பிப்ரவரி 10, 2025 – திங்கள்

தொண்டை ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள். இருபத்தேழு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்ததில் குரல்நாணில் முடிச்சு விழுந்துவிட்டதாம். எடுத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு வாரம் வாயே திறக்கக் கூடாது, கிசுகிசுப்பும் கூடாது என்று டாக்டரம்மா விரலை ஆட்டிச் சொன்னாள். அதற்காகத்தான் இந்த நோட்டு. எங்கேயாவது பேசியாக வேண்டுமே.

ஊரின் மறுகோடி மகர்பட்டாவிலிருந்து பெண் அம்ருதா வந்துவிட்டுப் போனாள். "அம்மா, இதைப் பாத்துண்டு இரு, டைம் போயிடும்" என்று ஒரு பெட்டியைக் கொடுத்தாள். சிவப்புப் பிளாஸ்டிக் பூ வைத்த குப்பி. சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட வேண்டுமாம். பெட்டி மேலே ஹம்மிங்பேர்ட் படம். என் வீட்டுக்காரர் பத்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது அமெரிக்காப் பட்சியாச்சே? நம்ம ஊர் நிக்டிக்கு எப்படி வரும்?"

சொல்லிவிட்டு, பின்பக்கம் கறிவேப்பிலை மரத்தில் அவரே கட்டினார். பெண் கொண்டுவந்ததை வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

பிப்ரவரி 11

எறும்பு. எறும்பு மட்டும்.

பிப்ரவரி 13 – வியாழன்

வந்துவிட்டது! ஹம்மிங்பேர்ட் இல்லை, தேன்சிட்டு. கட்டைவிரல் அளவு. முதலில் கறுப்பு என்றுதான் நினைத்தேன். வெயில் பட்டதும் கழுத்து நீலமாக, ஊதாவாக, ஒரு நொடி பச்சையாகக்கூட மாறியது. பிளாஸ்டிக் பூவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கி, வளைந்த அலகை உள்ளே விட்டது. நாலு தடவை குடித்தது. ஐந்தாவதற்குள் பறந்துவிட்டது.

வேலைக்கு வரும் சுனந்தா எட்டிப் பார்த்து, "ஷிஞ்சீர்!" என்றாள். மராட்டியில் அதுதான் பெயராம்.

கத்திக் கூப்பிட வாய் வந்துவிட்டது. கையால் பொத்திக்கொண்டேன்.

பிப்ரவரி 15 – சனி

ஒரு பங்கு சர்க்கரை, நாலு பங்கு தண்ணீர். காய்ச்சி ஆறவைத்து ஊற்றுகிறேன். கயிற்றில் வாசலைன் தடவியதும் எறும்பு நின்றது. காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை நல்ல கூட்டம். பெண்சிட்டு மேலே பழுப்பு, கீழே மஞ்சள். அதற்கு அவசரமே கிடையாது, உட்கார்ந்து நிதானமாகக் குடிக்கிறது. ஆணுக்குத்தான் அமர்க்களம். செம்பருத்திக்கும் குப்பிக்குமாகப் பறந்து மற்றவற்றை விரட்டுகிறது.

மூன்றடி தள்ளி உட்கார்ந்தாலும் என்னைப் பொருட்படுத்துவதில்லை. நான் சும்மா உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆச்சு?

பள்ளிக்கூடத்திலிருந்து ஜோசபின் டீச்சர் மெசேஜ். 'அடுத்த வருஷம் வகுப்பு வேண்டாம், விசாலாக்ஷி லைப்ரரியைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று பிரின்சிபால் சொல்கிறார், உன் விருப்பம் என்ன?' பதில் போடவில்லை.

பிப்ரவரி 17

கைதட்டினேன். தட்டில் கரண்டியால் தட்டினேன். பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு திரும்பவே இல்லை அந்த மனுஷர். எப்பவும் இப்படித்தான். எதையும் காதுலயே போட்டுக்க மாட்டார். ஸ்கூல்ல கத்தினதைவிட இந்த வீட்டுல கத்தினதுதான் ஜாஸ்தி. என் தொண்டை போனதே இவராலதான்!

எழுதியாச்சு. போதும்.

பிப்ரவரி 19 – புதன்

இதை வரிசையாக எழுதிவைக்க வேண்டும்.

காலையில் இரண்டு பேரும் பின்பக்கம் காப்பியோடு உட்கார்ந்திருந்தோம். ஆண்சிட்டு அவர் தலைக்கு நேர் மேலே கிளையில் உட்கார்ந்து, ச்வீட் ச்வீட் என்று விடாமல் கத்தியது. காது கூசும் சத்தம். உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சுனந்தாகூட எட்டிப் பார்த்தாள்.

பத்ரி அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "எவ்வளவு அழகு! பாவம், இதுக்குக் குரலே கிடையாது போல. உன்னை மாதிரி."

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை. முகம் அப்படி இல்லை. நோட்டை எடுத்து எழுதினேன்: 'அது இப்போ கத்திண்டிருக்கே.'

படித்தார். பட்சியைப் பார்த்தார். அலகு திறந்து திறந்து மூடியது. என்னைப் பார்த்தார்.

"நெஜமாவா?"

'குக்கர் விசில்?'

"அதை நீதானே பாத்துப்பே."

'காலிங்பெல்?'

"நீ போய்த் திறப்பியே." காப்பியைக் கீழே வைத்துவிட்டு, "நீ பேசறது கேக்கும் விசாலி. நீ சத்தமாத்தானே பேசுவே" என்றார்.

முப்பத்தோரு வருஷம் ஆகுர்டித் தொழிற்சாலையில் கார்த் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் இரைச்சலில் நின்றவர். ரிடையர் ஆகி ஒரு வருஷம். நான் இயல்பாகவே சத்தக்காரி என்று அவர் நினைத்திருக்கிறார். அவருக்கு என்மேல் அக்கறை இல்லை என்று நான்.

பிப்ரவரி 20

எட்டு வருஷத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. கூப்பிட்டேன், கூப்பிட்டேன், வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நானே வெளியே வந்தபோது ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. மன்னிக்கவும் இல்லை.

இன்று அதை ஒரு பக்கம் எழுதி அவரிடம் நீட்டினேன். இரண்டு தரம் படித்தார்.

"நீ கூப்பிட்டயா அன்னிக்கு?"

தலையாட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிப்ரவரி 24 – திங்கள்

இன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம் பேசலாம். குரல் என்னுடையது மாதிரியே இல்லை, மெல்லிசாக வருகிறது.

காது டாக்டரிடம் போகலாம் என்று எழுதிக் காட்டினால் மூன்று நாளாகத் தட்டிக்கழிக்கிறார். மெஷின் மாட்டினால் கிழவன் என்பார்களாம். அறுபத்தொன்று ஆகிறது, வேறென்ன சொல்வார்கள்?

என் ஐந்து நிமிஷத்தை அதற்கே செலவழித்தேன். "காதைக் காட்டிண்டு வரலாம், வாங்கோ." கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் வாயையே பார்த்தார். இன்னொரு தடவை சொன்னேன். கத்தவில்லை. கத்த முடியாது.

"சரி, வரேன்" என்றார்.

மார்ச் 8 – சனி

இரண்டு காதுக்கும் மெஷின். வீட்டுக்குள் நுழைந்ததுமே, "இந்த ஃபேன் இப்படியா சத்தம் போடறது?" என்று அணைத்தார். செருப்புச் சத்தம், பேப்பர் சத்தம், எல்லாம் தொந்தரவு. கழற்றிவிடப் போகிறார் என்று பயந்தேன்.

சாயங்காலம் பின்பக்கம் போய் உட்கார்ந்தார். ஆண்சிட்டு வந்து கத்த ஆரம்பித்தது. சட்டென்று என் பக்கம் கையை நீட்டி, பேசாதே என்று ஜாடை காட்டினார். நான் பேசவே இல்லை. அது பறந்து போகும்வரை கையை இறக்கவில்லை.

மே 3

நல்ல வெயில். சர்க்கரைத் தண்ணீர் ஒரே நாளில் புளித்துவிடுகிறது. தினமும் குப்பியைக் கழுவுவது அவர் வேலை. ஜோசபினுக்கு இன்றுதான் பதில் போட்டேன்: 'லைப்ரரி வேண்டாம், வகுப்புக்கே வருகிறேன்.'

ஜூன் 16 – திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தது. இடுப்பில் சின்ன ஸ்பீக்கர், கன்னத்தோரம் மைக். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் பின்னமும் தசமமும் ஓடின. தொண்டை வலிக்கவில்லை.

சாயங்காலம் மழை. அடுக்களையில் நின்றுகொண்டு திருச்சித் தங்கை வைஷுவிடம் போனில் பேசினேன், மெதுவாகத்தான். "மெஷின் மாட்டினதுலேர்ந்து இவர் தொல்லை தாங்கலைடி. ரசம் கொதிக்கற சத்தம்கூட ஜாஸ்தியாம்."

"ரசம் இல்லை. மிக்ஸியைச் சொன்னேன்" என்று ஹாலிலிருந்து குரல் வந்தது.

போனில் வைஷுவுக்கும் அது கேட்டுவிட்டது.

"யாருக்கா அது? அத்திம்பேரா?"