வெல்வெட் ஒட்டிய கார்க் கதவு

உ
தியாகராய நகர், சென்னை-17
10-10-1974

அன்பு மகன் சிதம்பரநாதனுக்கு அம்மா எழுதுவது. செந்திலாண்டவன் புண்ணியத்தில் நாங்கள் இங்கே சுகம், அந்தக் கனடாப் பனியில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். நாலைந்து மாதமாக நம் வீட்டுக் கடிதத்தில் மழை வெயிலைத் தவிர ஒன்றுமில்லை என்று கோபித்து எழுதியிருந்தாய். கோபப்படு ஐயா, நியாயம்தான். உன் தங்கை வடிவு மறுபடி முழுகாமல் இருந்தாள், நம் வீட்டில்தான் இருந்தாள். போன வருஷம் ஐந்தாம் மாதத்தில் கலைந்தபோது நீ அங்கே தனியாகச் சோறு இறங்காமல் கிடந்தாய் என்று உன் சிநேகிதன் எழுதினான் இல்லையா, அதனால் இந்தத் தடவை பிள்ளை நல்லபடியாகக் கைக்கு வரும்வரை உனக்கு மூச்சுவிடக் கூடாது என்று உன் அப்பா எங்கள் வாயைப் பூட்டிவிட்டார்.

அவர் பண்ணிய கூத்தைக் கேள். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டில் போட்ட வெடிச் சத்தத்தில் தூக்கிவாரிப் போட்டுத்தான் அந்தப் பிள்ளை தங்கவில்லை என்பது அவர் கட்சி. டாக்டரம்மா இல்லவே இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டாலும் காதில் ஏறாது. வீட்டில் ஒரு தட்டு விழக் கூடாது, ரேடியோ முணுமுணுக்கத்தான் வேண்டும். நம் கார்க் கதவு டமாலென்று சாத்தும் இல்லையா, அதற்கு நம் ஜவுளிக் கடையிலிருந்து சிவப்பு வெல்வெட் கிழித்து வந்து, நாலாக மடித்து, கதவு உட்காருகிற விளிம்பு முழுக்கத் தன் கையாலேயே ஒட்டினார். கதவு அப்புறம் சத்தமே இல்லாமல் சாத்தியது, ஆனால் அன்றைக்கே பிடித்தது சனியன். கதவைச் சாத்திய பிறகும் வண்டிக்குள் கூரையில் இருக்கிற சின்ன விளக்கு அணையாமல் எரிந்தது. ராவெல்லாம் எரிந்தால் பாட்டரி என்னத்துக்கு ஆகும்? காலையில் வண்டி முனகிவிட்டுப் படுத்துக்கொள்ளும், கடை ஆட்கள் பனகல் பார்க் வரைக்கும் தள்ளுவார்கள். வலி எடுக்கிற நேரத்தில் இப்படிப் படுத்துவிட்டால் என்ன செய்வது என்று உன் அப்பாவுக்குத் தூக்கமே போய்விட்டது. நான் ஷெட்டில் வைத்த புளிப்பானையால் எலி வந்து ஒயரைக் கடித்துவிட்டதாம், பழி என் தலையில். மெக்கானிக் ஷரஃபுதீனைக் கூப்பிட்டார், சத்தம் வரும் என்று அவனைக் கதவைத் தொடவே விடவில்லை. அவன் முன்னாடி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, ஒயரு எல்லாம் நல்லாத்தான் கீது மொதலாளி, பல்பக் கயட்டிப் போட்ரலாம், இன்னாத்துக்கு ரோதனை என்றான். பிள்ளைத்தாச்சிய இருட்டுலயா வண்டியில ஏத்தச் சொல்லுத என்று அவனை விரட்டிவிட்டார்.

இப்படியே ஒன்பதாம் மாதமும் ஆயிற்று. ஒருநாள் வடிவை டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டு வந்து வாசலில் இறங்குகிறோம், நல்ல வெயில், அவளுக்குக் கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. மெல்லட்டி, கதவ மெல்லச் சாத்து என்று இவர் ஓடி வருகிறார். வடிவுக்கு வந்ததே கோபம், நான் என்ன கண்ணாடி வளையலாப்பா, இந்த வீட்டுல மூச்சுகூட மெல்லத்தான் விடணுமா என்று பலங்கொண்ட மட்டும் கதவை அடித்துச் சாத்தினாள். தெருவே திரும்பிப் பார்த்தது. உன் அப்பா முகத்தில் ரத்தமே இல்லை. சத்தத்துல பயந்துட்டியா தாயி என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார். அதற்கு அவள், சத்தத்துக்கு நான் பயப்படலப்பா, நீங்க பயப்படுறதப் பாத்துத்தான் எனக்குத் தினமும் பயமா இருக்கு என்று சொல்லி அழுதுவிட்டாள். நான்தான் வண்டிக்குள் பார்த்தேன், விளக்கு அணைந்திருந்தது. அடப் பாவமே, கதவிடுக்கில் ஒரு பொத்தான் இருக்கிறதே, கதவு நன்றாகப் போய் உட்கார்ந்து அதை அமுக்கினால்தான் விளக்கு அணையும், இவர் ஒட்டிய வெல்வெட் உட்காரவிடாமல் தடுத்திருக்கிறது! அங்கேயே நின்று அத்தனையையும் பிய்த்துப் போட்டார். சாயங்காலம் ரேடியோவையும் அவரே சத்தமாக வைத்தார்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் வலி எடுத்தது, வண்டி ஒரே திருகலில் கிளம்பியது. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம், மாப்பிள்ளையும் தூத்துக்குடியிலிருந்து வந்துவிட்டார். இதை எழுதும்போது என் மடியில்தான் கிடக்கிறாள், நம் வீட்டு மூக்கு.

இன்னொன்று ஐயா. போன வருஷம் பிறக்கப்போகிற பிள்ளைக்கென்று நீ அனுப்பிய கம்பளிச் சட்டை, பிள்ளை கலைந்து பத்து நாள் கழித்து வந்தது. வந்ததென்று எழுத எனக்கு மனம் வரவில்லை, நீயும் கேட்கவில்லை. வடிவு கண்ணில் படாமல் என் பட்டுப் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். நேற்று அவளே, தாய்மாமன் எடுத்த துணியத்தான் முதல்ல போடணும், உன் பீரோவுல இருக்கே எடும்மா என்றாள். இந்தப் புழுக்கத்தில் கம்பளியா என்றேன், கேட்கவில்லை. ஒரு நிமிஷம் போட்டுக் கழற்றினோம், கை இரண்டும் உள்ளேயே போய்விட்டது, அத்தனை பெரிசு.

தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. அப்பாவுக்குத் தனியாக நாலு வரி எழுது, கேலி பண்ணாதே. நீ நோய் நொடி இல்லாமல், மனம் குளிர நெடுங்காலம் வாழ வேண்டும். இவளுக்குக் காது குத்த உன் மடிதான் ஐயா, நீ வரும்வரை குத்த மாட்டோம்.

இப்படிக்கு,
உன் அம்மா
தங்கபுஷ்பம்