சத்தம் இருந்தால் ஓடுகிறது

செவ்வாய், இரவு

எடப்பாடியிலிருந்து விசைத்தறிக்காரர் ஒருவர் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு ஹார்ட் டிஸ்க் கொண்டுவந்தார். இறந்துபோன மனைவியின் வீடியோக்கள் அதில்தான் இருந்தனவாம். மாட்டியதும் டிக் டிக்கென்று தட்டியது. திறந்து பார்த்தேன். பதிவைப் படிக்கும் ஹெட் உரசி உரசி, வீடியோக்கள் பதிந்திருந்த தட்டு முழுக்கச் சுரண்டிப்போயிருந்தது. இனி ஒன்றும் மீளாது.

“தறியாட்டம் சத்தம் வந்துச்சுங்க. தறியில சத்தம் நின்னாத்தானுங்க பயம்? உசுரு இருக்குதுன்னு தெனமும் மாட்டிக் கேட்டுட்டு இருந்தனுங்க” என்றார்.

மாட்டும்போதெல்லாம் தட்டைச் சுரண்டிய அந்தச் சத்தம்தான் வீடியோவில் இருந்த அந்த அம்மாவை அழித்திருக்கிறது.

“நான் ஏதாச்சும் கெடுத்துப்போட்டனுங்களா?”

“இல்லீங்க. மொதல் நாளே போயிருச்சுங்க” என்றேன்.

“மாட்டுனா சத்தமாவது வருமுங்களா?”

வரும் என்று மூடிக் கொடுத்தேன்.

இந்நேரம் எடப்பாடியில் அது தட்டிக்கொண்டிருக்கும்.