ஒட்டகத்தின் வலது முட்டி

பிப்ரவரி 9

அன்புள்ள வாலுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணி என்மேல் கோபமாக இருக்கிறாள், அதுவும் சுகத்தில்தான் சேர்த்தி.

போனில் பேசலாம்தான். ஆனால் நீ போனை எடுத்தால் உன் வீட்டுச் சுவருக்கெல்லாம் காது முளைத்துவிடுகிறது. துறைமுக அணியின் பயிற்சியாளரைக் கட்டிக்கொண்டவளிடம் நம்ம பஸ் டிப்போ அணியைப் பற்றி வேறு எப்படித்தான் பேசுவதாம்? அதனால்தான் நீ வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரி முகவரிக்கு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போடு.

சனிக்கிழமை உங்கள் ஊர்க்காரர்களோடு கூடைப்பந்து லீக் ஆட்டம். பஸ்ஸுக்கு அடியில் படுத்து நட்டு முடுக்கும்போதெல்லாம் நம்ம ஆட்களைத்தான் எடை போட்டுக்கொண்டிருக்கிறேன். நம்ம நெட்டையன் ஒட்டகம் கூடைக்குக் கீழே நின்றால் வேறு எவன் கையும் பந்துக்கு எட்டாது. கண்ணாடிப் பையன் தூரத்திலிருந்து போடுவது இந்த வருடம் நன்றாக விழுகிறது. கவலையெல்லாம் கேப்டன் பம்பரத்தைப் பற்றித்தான். ஓட்டத்தில் அவனை அடிக்க ஆளில்லை, ஆனால் பந்தைத் தட்டிக்கொண்டு எப்போது பார்த்தாலும் வலது பக்கமே போகிறான். இடது கை என்று ஒன்று இருப்பதே அவனுக்கு ஞாபகமில்லை. போன வாரம் மில்காரர்களோடு ஆடியபோது தொண்டை கிழியக் கத்தினேன். பின்னாலிருந்து எந்தப் புண்ணியவானோ வேர்க்கடலைப் பொட்டலம் நீட்டினான். மென்றுகொண்டே மறுபடி கத்தினேன்.

நீ என்ன நினைக்கிறாய்? எழுது. மாப்பிள்ளை கண்ணில் மட்டும் இதைக் காட்டிவிடாதே, தாயே.

உன் அண்ணன்


பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

தாடையைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, உன் கடிதத்தை எக்ஸ்ரே உறைக்குள் ஒளித்துவைத்துப் படித்தேன். நடுவில் சிரித்துவிட்டேன். பல் பிடுங்க வந்த பெரியவர் என்னை முறைத்தார்.

பம்பரம் சின்னக் கவலை. ஒட்டகம்தான் பெரிய கவலை. கோபம் வந்தால் எதிராளிமேல் கை வைத்துவிடுவான். ஐந்து ஃபவுல் வாங்கி அவன் வெளியே போனால் பெஞ்சில் யார் இருக்கிறார்கள் சொல்? அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். அவன் அம்மா, நம்ம தையல்காரம்மா, மிஷினில் உட்கார்ந்துவிட்டால் அவன் என் இடுப்பில்தான் இருப்பான், அப்போதே அவன் கால் தரையைத் தொடும். அவன் கோபம் எனக்குத் தெரியாதா?

இவரிடம் நான் எதையும் சொல்வதில்லை. அவரும் கேட்பதில்லை. உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதக் கூடாதா? நாலு பக்கத்துக்குப் பந்து, ஒரு வரிக்கு அண்ணி!

நம்ம டிப்போவின் நிரந்தரக் கட்சிக்காரி,
தங்கை


பிப்ரவரி 19

தங்கைக்கு,

தோற்றுவிட்டோம். உனக்குத் தெரிந்திருக்கும், உன் வீட்டில்தான் கொண்டாடியிருப்பார்களே.

ஆட்டத்தின் முதல் நிமிடத்திலிருந்து பம்பரத்தின் வலது பக்கத்தில் ஒருவன் சுவர் மாதிரி நின்றான். இடது பக்கம் வாசல் திறந்தே கிடந்தது, அவன்தான் போகத் தெரியாமல் முழித்தான். சரி, அது தற்செயல் என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவன் ஒட்டகத்தின் காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். ஒட்டகத்துக்குக் கோபம் வந்தது, கை வைத்தான், பாதி ஆட்டத்துக்குள் ஐந்து ஃபவுல், வெளியே. அதுவும் தற்செயலா?

நான் எழுதியது ஒன்று, நீ எழுதியது ஒன்று. இரண்டும் அப்படியே நடந்தது. எக்ஸ்ரே உறைக்குள் இருந்தது துறைமுகத்துக்கு எப்படிப் போனது என்று யோசிக்கிறேன். நீ வேண்டுமென்று சொல்லியிருக்க மாட்டாய். சாப்பிடும்போது வாய் தவறியிருக்கலாம். கட்டினவன் பக்கம் மனசு சாய்வது இயற்கைதான். ஆனால் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, விட்டுவிடுகிறேன்.

அண்ணன்


பிப்ரவரி 24

அண்ணா,

ஆமாம் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் இல்லை. வாயும் தவறவில்லை, மனசும் சாயவில்லை.

ஜெயித்துவிட்டு வந்தவர் முன்னால் முகத்தைத் தொங்கப் போட முடியாமல், சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்தச் சத்தத்துக்குள் அழுதது உனக்காக. இப்போது உன் கடிதத்தைப் படித்துவிட்டு அதே குழாயைத் திறந்திருக்கிறேன்.

எப்படித் தெரிந்தது என்று என்னைக் கேட்காதே. கேட்டாலும் சொல்ல முடியாது.

தங்கை


மார்ச் 16

அன்புள்ள வாலுக்கு,

கோபமா? அண்ணன்தானே, மன்னித்துவிடு. தோற்ற வேகத்தில் என்னென்னவோ எழுதிவிட்டேன். "அந்தப் பொண்ணைப் போய் சந்தேகப்படுறீங்களே, உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று உன் அண்ணியும் பிடித்துக் கிழித்துவிட்டாள்.

பார்த்தாயா, சுற்றிச் சுற்றி இறுதி ஆட்டத்திலும் நம்ம டிப்போவும் உங்கள் துறைமுகமும்தான். இருபத்தெட்டாம் தேதி. பம்பரம் இப்போது இடது கையால் பல்கூடத் தேய்க்கிறான், அவ்வளவு பழக்கியிருக்கிறோம். கண்ணாடிக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று.

ஒன்றை மட்டும் உன்னிடம் சொல்கிறேன். வேறு யாருக்கும் தெரியாது, எங்கள் பயிற்சியாளருக்குக்கூடத் தெரியாது. ஒட்டகத்துக்கு வலது முட்டி சரியில்லை. கொஞ்சம் வேகமாகத் திரும்பினால் பிடித்துக்கொள்கிறது. வெளியே காட்டாமல் ஆடுகிறான். அந்தப் பக்கமாக அவனை நாலு தடவை ஓடவிட்டால் உட்கார்ந்துவிடுவான். என்ன செய்வதென்றே தெரியவில்லை. மனசு கேட்காமல் உன்னிடம் கொட்டிவிட்டேன்.

பாசமுள்ள அண்ணன்


மார்ச் 19

அண்ணா,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை. யாருக்கோ கொடுக்க வேண்டிய மருந்துச் சீட்டை யாருக்கோ கொடுத்துவிட்டு டாக்டரிடம் திட்டு வாங்கினேன்.

முட்டியோடு விளையாடலாமா? உன்னை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் போட்ட நாளை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல"ன்னு சொல்லிக்கொண்டே ஆடினவன்தானே நீயும்? அதோடு முடிந்தது உன் ஆட்டம். இன்னமும் மாடிப்படி ஏற கைப்பிடி வேண்டும் உனக்கு. அதெல்லாம் தெரிந்த நீயே அவனை ஆடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாயா?

கோப்பை போனால் போகட்டும். உடனே உங்கள் பயிற்சியாளரிடம் சொல்லு. சொல்லிவிட்டேன் என்று எனக்கு எழுது.

தங்கை


மார்ச் 22

வாலு,

நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீ அலட்டிக்கொள்ளாதே. விஷயம் உன் வீட்டுக்காரர் காதில் விழாமல் இருந்தால் எனக்கு அதுவே போதும்.

அண்ணன்


மார்ச் 30

தங்கச்சி,

இந்தக் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒட்டகத்தின் முட்டிக்கு ஒன்றுமே இல்லை. அது நான் கட்டிவிட்டது. உனக்கு வைத்த பொறி. நீ மாப்பிள்ளையிடம் சொன்னால், அவர் ஆட்கள் ஒட்டகத்தை வலது பக்கமாகவே ஓடவிடுவார்கள். அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். உன் கடிதத்தைப் படித்தபோதுகூட, 'அடேங்கப்பா, என்னமா நடிக்கிறாள்' என்றுதான் நினைத்தேன். எழுதவே கை கூசுகிறது.

ஆட்டம் தொடங்கியது. ஒட்டகத்தின்மேல் ஒருவரல்ல, இரண்டு பேரை நிறுத்தியிருந்தார் மாப்பிள்ளை. முட்டி போனவனுக்கு எவனாவது இரண்டு ஆளைச் செலவழிப்பானா? அந்த நிமிடமே தெரிந்துவிட்டது, நீ சொல்லவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்காதே. கூடை விழுந்ததற்குக் குதிக்கிறேன் என்று பக்கத்திலிருந்தவன் நினைத்துக்கொண்டான், நான் உனக்காகக் குதித்தேன். இரண்டு பேர் ஒட்டகத்தோடு ஒட்டிக்கொண்டதால் கண்ணாடியைத் தடுக்க ஆளில்லை. அவன் போட்டதெல்லாம் விழுந்தது. பாதி ஆட்டத்தில் நாம்தான் முன்னால்.

அப்புறம் ஒட்டகம் ஒருமுறை வழுக்கி விழுந்தான். சும்மா விழுந்தான், எழுந்தும்விட்டான். அதற்குள் மேல்வரிசையிலிருந்து தையல்காரம்மா இறங்கி வந்தார். ஆட்டம் பார்க்க ஒருநாளும் வராதவர், அன்றைக்கு வந்திருந்தார். கைப்பையோடு நேராகக் கோர்ட்டுக்குள்ளே போய்விட்டார். விசில் ஊதியதையெல்லாம் அவர் காதில் வாங்கவே இல்லை.

"போதும்டா. வந்து உட்காரு."

"எனக்கு ஒண்ணுமில்லம்மா!"

"டிப்போ மாமாவும் அப்படித்தான் சொன்னாரு. இன்னிக்கு அவரால மாடி ஏற முடியல. வாடான்னா!"

எங்கள் பயிற்சியாளர் என்ன ஏது என்று கேட்டார். அந்தம்மா முட்டியைக் காட்டி ஏதோ சொன்னார். நமக்கேன் வம்பு என்று அவர் ஒட்டகத்தைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார். பையன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

தோற்றோம். ஒரே ஒரு கூடையில்.

அந்தம்மாவிடம் யார் சொன்னார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. ஆனால் திட்டி ஒரு கடிதமாவது எழுது.

அண்ணன்


ஏப்ரல் 6

அண்ணாவுக்கு,

திட்டி எழுதக் கேட்டிருக்கிறாய். திட்ட எனக்குத் தெம்பில்லை.

ஆமாம், தையல்காரம்மாவுக்கு நான்தான் போன் செய்தேன். உங்கள் பயிற்சியாளரிடம் நீ சொல்ல மாட்டாய் என்று தெரிந்தது. வெளியில் சொன்னால் டிப்போவுக்குக் கெடுதல். பெற்றவளிடம் மட்டும் சொன்னேன். அவன் ஒன்றுமில்லை என்று அம்மாவிடம் சத்தியமே பண்ணியிருக்கிறான். "எந்தப் பையன்தான் ஒத்துக்குவான், நீங்க போய் பக்கத்துல இருங்க" என்று அனுப்பிவைத்தது நான்தான். கோப்பையை என் கையாலேயே துறைமுகத்துக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். குழந்தை துண்டால் முகத்தை மூடிக்கொண்டான் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆட்டங்கள் முடிந்துவிட்டன, இனி சொல்லலாம். லீக் ஆட்டத்தில் இவருக்கு எல்லாம் எப்படித் தெரிந்தது என்று கேட்டாயே. நீதான் சொன்னாய். மில்காரர்களோடு ஆடிய அன்று இவர் உனக்குப் பின்னால் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார். "டேய் பம்பரம், இடது பக்கம் போடா, இடது கை என்ன அடமானத்துலயா இருக்கு?" "ஒட்டகம், அவன் பேசினா நீ ஏன்டா கோபப்படுற, கையை எடுறா!" இதெல்லாம் உன் குரல்தானே? "உங்க அண்ணன் பக்கத்துல ஒரு மணி நேரம் உட்கார்ந்தா போதும், நான் ஆட்டத்தையே பார்க்க வேண்டாம்" என்று வீட்டுக்கு வந்து சிரித்தார். உனக்கு வேர்க்கடலை நீட்டியது அவர்தான். திரும்பிக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாயாம்.

அன்றைக்கே இதை எழுதியிருந்தால் என்மேல் உனக்குச் சந்தேகமே வந்திருக்காது. ஆனால் நீ கத்துவதை நிறுத்தியிருப்பாய், அவருக்குத் துரோகம் ஆகியிருக்கும். உன் பேச்சை அவரிடம் கொண்டுபோகாத மாதிரியே அவர் பேச்சையும் உன்னிடம் கொண்டுவரவில்லை. அதைத்தான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. எதற்கெடுத்தாலும் கத்துகிறவன் நீ. அந்தம்மா பையனை இழுத்துக்கொண்டு போனபோது, "அவனுக்கு ஒண்ணுமில்ல, நான் சொன்னது பொய்"ன்னு அன்றைக்கு ஒருமுறை கத்தியிருக்கலாமே, அண்ணா.

இனி கடிதத்தில் ஆட்டம் வேண்டாம். அண்ணியைப் பற்றி எழுது, டிப்போ பஸ்களைப் பற்றி எழுது, படிக்கிறேன்.

ஆட்டம் முடிந்ததும் இவர் கடைக்குப் போய் ஒரு முட்டிக் கவசம் வாங்கிவந்தார். "பாவம், நல்ல பையன், அடுத்த வருஷம் முழுசா ஆடணும், உங்க அண்ணன் மூலமா கொடுத்தனுப்பு" என்றார். நேற்று மறுபடி கேட்டார், "ஒட்டகத்துக்கு முட்டி எப்படி இருக்காம்?"

என் அண்ணன் பொய் சொன்னான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பரவாயில்லையாம்" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அவரிடம் சொன்ன முதல் பொய் அதுதான்.

கவசத்தை இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். நீயே போட்டுக்கொள். மாடிப்படி ஏற உதவும்.

தங்கை