பின்னால் பத்தடி

மச்சான்,

இன்று பின்னேரமும் உன் ஜீப்பில் அந்தச் செம்மஞ்சள் விளக்கு எரிந்தது. ஆலங்குடா மணலிலிருந்து மீன் பெட்டிகளோடு தார் றோட்டுக்கு ஏறி, மணலுக்காக நாலு சக்கரத்துக்கும் போட்ட கியரை இரண்டு சில்லுக்கு மாற்றிய பிறகும், நாலு சில்லும் இழுக்கின்றன என்று சொல்லிக்கொண்டே இருந்தது. உன் ஜீப் என்றுதான் இன்னும் வாயில் வருகிறது. நீ மௌத்தாகி நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகு உன் மகனிடம் வாங்கியது.

வாங்கிய கிழமையே இந்த விளக்கோடு எனக்குப் பகை. வளைவுகளில் வண்டி முரண்டு பிடித்தது. டயர் தேய்ந்து வாடை வந்தது. யாரையாவது சந்தேகிக்காவிட்டால்தான் எனக்குச் சோறு இறங்காதே. பழுதை மறைத்து உன் மகன் என் தலையில் கட்டிவிட்டான் என்றேன். அடியில் படுத்து, ஒன்பதாம் வகுப்போடு நின்ற மூளைக்கு எட்டிய வயரையெல்லாம் ஆட்டியதில் ஒன்று அறுந்தது. விளக்கு அணைந்தது, கூடவே ஹோனும் நின்றது. முன் சில்லுகள் இழுப்பது மட்டும் நிற்கவில்லை. கியர் எண்ணெயை மாற்றுவித்தேன். மாற்றியவனையும் சந்தேகித்தேன்.

கடைசியில் வண்ணாத்திவில்லுவில் ஒரு மெக்கானிக் நான் அறுத்த வயரைச் சேர்த்துக் கட்டி விளக்கைத் திரும்ப எரியவைத்துவிட்டு, ஏறி உட்கார்ந்து, வண்டியைப் பின்னால் பத்தடி எடுத்தார். அடியில் டக்கென்று ஒரு சத்தம். விளக்கு அணைந்தது.

"நாநா, பழுது ஒண்டுமில்ல. இந்த வண்டியில முன் சில்லுட பூட்டு, கொஞ்சம் பின்னுக்கு எடுத்தாத்தான் கழரும். முந்தி ஓட்டினவர் சொல்லித் தரல்லியா?"

நீ அதைச் செய்வதை எத்தனையோ வருடம் பார்த்துக்கொண்டு இருந்தவன் நான்.

மணல் பாதை தார் றோட்டில் ஏறும் இடம் என் வீட்டு வாசல். ஒவ்வொரு பின்னேரமும் ஏறுவாய்; நிற்பாய்; பிறகு பின்னால் பத்தடி வருவாய், கழுத்தைத் திருப்பி என் முற்றத்துப் பக்கம் பார்த்தபடி. முற்றத்தில் என் மகள் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருப்பாள். உன் மகனுக்கும் கலியாண வயது. வாய் திறந்து பெண் கேட்காமல் இவன் என்னத்தை அளக்கிறான் என்று மனசு அரித்தது. உன்னிடம் கேட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக வேலிக்கு மேல் ஒரு வரிசை தென்னோலைக் கிடுகு கட்டினேன்.

நீ ஜன்னலால் தலையை நீட்டினாய்.

"என்னடா மச்சான், வேலி வளருது. ஆடு பாயுதா?"

"ஓம், கிழட்டுக் கிடா ஒண்டு."

நீ சிரித்தாய். நான் அடுத்த கிழமை இன்னொரு வரிசை கட்டினேன். "இனி காத்தும் வராது" என்றாள் என் பெண்சாதி.

மகளின் நிக்காஹ்வுக்கு உன்னை நேரில் வந்து அழைக்காமல் ஆள் விட்டுச் சொன்னேன். அதற்கும் வந்தாய். மாப்பிள்ளை வீட்டாரை உன் ஜீப்பில் ஏற்றி இறக்கினாய். சாப்பாட்டு நேரம் ஒரு சஹன் தட்டைச் சுற்றி ஐந்து பேராக உட்கார்ந்து, ஆறாவது இடத்தை எனக்காகக் கையால் மறித்திருந்தாய். "வா மச்சான், சோறு ஆறுது." வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டு வேறு சஹனில் போய் உட்கார்ந்தேன். நீ கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்ததை அங்கிருந்தே பார்த்தேன்.

மெக்கானிக்கிடமிருந்து திரும்பிய அன்றே அந்த இடத்தில் நானும் பின்னால் எடுத்து, உன்னைப் போலவே கழுத்தைத் திருப்பினேன். அந்த இருக்கையிலிருந்து, நான் கட்டிய கிடுகு இல்லாவிட்டாலும், என் முற்றம் தெரியாது. வேலி மூலையில் நான் நட்ட கல்லும், அதில் இடித்துவிடாமல் காக்க வேண்டிய பின் சில்லும்தான் தெரிகின்றன.

இறங்கிப் போய் இரண்டு வரிசைக் கிடுகையும் அவிழ்த்தேன்.

"என்ன, கிடா வாறல்லியா இப்ப?" என்றாள் பெண்சாதி. அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள்.

இன்றும் இரண்டு பக்கமும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தபடி பின்னால் பத்தடி வந்தேன். விளக்கு அணைந்தது. எதிர்வீட்டுக்காரர் தன் வாசலில் நின்று என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், என்னுடையதுதான். இறங்கிப் போய், முன் சில்லு, பூட்டு, விளக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நான் வீட்டுக்குள் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வெளியே வர, அவர் வேலியில் புதுக் கிடுகு ஒரு வரிசை ஏறியிருந்தது.

இப்போது கிழட்டுக் கிடா நான், மச்சான்.